மீனுக்கு முன்னால் குடிவருகிறவர்கள்

கடையில் வாங்கிவந்த பாலிதீன் பையை அவிழ்த்து, தேய்த்துக் கழுவி நிரப்பிய தொட்டியில் மீன்களை விடுகிறோம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். இரண்டு நாள் மீன்கள் துள்ளித் திரிகின்றன. அப்புறம் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. மறுநாள் அது சாய்ந்து மிதக்கிறது. கொஞ்ச நாளில் மற்றவையும் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. ஊருக்கு வெளியே உள்ள குளத்தைப் பாருங்கள்: ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாத கலங்கல். அதில் கெண்டையும் கெளுத்தியும் கொழுத்துத் திரிகின்றன.

தெளிந்த தண்ணீரில் சாகிறது, கலங்கலில் வாழ்கிறது. இது என்ன கூத்து?

விடை மீனின் செவுளில் இருக்கிறது. பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் அவற்றின் புரதத்திலிருந்து மிஞ்சுகிற நைட்ரஜன் கழிவை நம் உடம்பு யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீன் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பகுதிக் கழிவை அமோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். ஆற்றில் அது கரைந்து எங்கேயோ போய்விடும். தொட்டியிலிருந்து எங்கே போகும்? மூச்சு விடுகிற அதே செவுளை அது அரிக்க ஆரம்பிக்கிறது. குளத்தில் அமோனியாவைத் தின்று தீர்க்க ஆள் இருக்கிறது. நாம் தேய்த்துக் கழுவியபோது அந்த ஆட்களைத்தான் துரத்திவிட்டோம்.

அவர்கள் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், மீன் விடப்போகும் இடத்தைப் பார்த்துவிடுவோம். வீட்டுக் கொல்லையிலோ பள்ளித் தோட்டத்திலோ கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு சிமென்ட் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதோ அல்லி வளர்க்கக் கட்டியது. இப்போது மாவிலையும் வேப்பஞ்சருகும் விழுந்து, மழைத் தண்ணீர் தேங்கி, மேலே பச்சைப் பாசி மூடியிருக்கிறது. முதல் வேலை என்ன? "இறைச்சுக் கொட்டிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கணும்" என்பார்கள் வீட்டில். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் ஏற்கெனவே ஒரு ஊரே குடியிருக்கிறது.

ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டியின் ஓரத்துத் தண்ணீரை மொண்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். நெளிந்து நெளிந்து மேலே வருபவை கொசுப்புழுக்கள். தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் காற்றைத்தான் சுவாசிக்கும். தலைகீழாகத் தொங்கி, வால் பக்கத்துக் குழாயை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டினால் அது டெங்கு பரப்பும் ஏடிஸ் அல்லது யானைக்கால் நோய் பரப்பும் க்யூலெக்ஸ் வகை. குழாயே இல்லாமல் நீர்மட்டத்தோடு படுத்துக்கிடந்தால் அனாஃபிலிஸ், மலேரியாக் கொசுவின் இனம். லென்ஸ்கூட வேண்டாம், இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

அதே கிண்ணத்தில், மண் நிறத்தில், தடித்த உடம்பும் ஆறு கால்களும் பெரிய கண்களுமாக ஒரு பூச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதுதான் தட்டானின் இளம்பருவம். பக்கத்தில் ஒரு கொசுப்புழு வரும்வரை காத்திருங்கள். தட்டான் குஞ்சின் கீழுதடு முழங்கை மடிப்பதைப்போல மடிந்து முகத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் அந்த உதடு விருட்டென்று நீளும். நுனியில் இரண்டு கொக்கிகள் உண்டு. நீங்கள் கண்ணைச் சிமிட்டினால் கொசுப்புழு பிடிபட்டதைப் பார்க்கத் தவறிவிடுவீர்கள். தட்டான் குஞ்சு மூச்சு விடுவது பின்பக்கத்தால் என்றால் நம்புவீர்களா? குடலின் கடைசிப் பகுதியில்தான் செவுள் இருக்கிறது. ஆசனவாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும். ஆபத்து வந்தால் அதே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து முன்னால் பாய்ந்துவிடும். ஜெட் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் சொல்கிற நியூட்டனின் மூன்றாம் விதி இந்தக் கிண்ணத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

தலைப்பிரட்டைகளும் நத்தைகளும் இருக்கலாம். இவர்களையெல்லாம் அதே பழைய தண்ணீர் ஊற்றிய அகலமான டப்பில் போட்டு நிழலில் வையுங்கள், கொசுப்புழுக்களை மட்டும் விட்டுவிட்டு. டப்பைக் கொசுவலைத் துணியால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் காக்கை முந்திக்கொள்ளும்.

இனி இறைக்கலாம். ஒரு பெரியவர் கூட இல்லாமல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. காலிலோ கையிலோ வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக உள்ளே போகும். ஓரத்தில் தண்ணீர்ப்பாம்பு சுருண்டிருந்தாலும் திகைக்க வேண்டாம். அதற்கு விஷம் கிடையாது. ஆனால் சீண்டினால் கடிக்கும். பெரியவரைக் கூப்பிட்டால் போதும், அது தானாகப் போய்விடும்.

தண்ணீர் முக்கால்வாசி வற்றியதும் ஒரு குச்சியால் அடிச்சேற்றைக் குத்துங்கள். பொளபொளவென்று குமிழிகள் கிளம்பும். இப்படிச் சேற்றைக் குத்திப் பார்த்தவர்களில் பேர்போனவர் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா. 1776 நவம்பரில் மாஜோரே ஏரிக் கரையில் நாணல் புதர்களுக்கு நடுவே சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தீப்பொறி காட்டியபோது அது நீல நிறத்தில் எரிந்தது. இன்று அதை மீத்தேன் என்கிறோம். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் அதேதான். இதே வோல்டாதான் 1800-இல் முதல் மின்கலத்தை அறிவித்தவர். (நீங்கள் குமிழியைப் பாருங்கள், போதும். தீப்பெட்டி வேண்டாம்.)

இந்தக் குமிழி ஏன் வருகிறது? விழுந்த சருகை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் முதலில் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகின்றன. அடியில் ஆக்சிஜனே இல்லை என்றானதும் அது தேவைப்படாத வேறு நுண்ணுயிரிகளின் ராஜ்ஜியம் தொடங்குகிறது. அவற்றில் சில மீத்தேனை வெளியேற்றும். இன்னும் சில ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியேற்றும். அழுகிய முட்டை நாற்றம் இதனுடையது. மீனுக்கு இது கொடிய நஞ்சு. சேறு மேலே பழுப்பாகவும் உள்ளே கன்னங்கரேல் என்றும் இருப்பதைக் கவனியுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. ஆகவே கறுப்புச் சேற்றை வாரித்தான் ஆக வேண்டும். வாரியதைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்த ஊர் நம்முடையது. வாழைக்கும் தென்னைக்கும் அடியில் கொட்டினால் அவை மகிழ்ச்சியாகத் தின்றுவிடும்.

எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் இரண்டு கை சேற்றை மட்டும் எடுத்து வையுங்கள். இதை வைத்து ஒரு வேடிக்கை பார்க்கலாம். கிழித்த செய்தித்தாள் துண்டுகளையும் ஒரு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவையும் சேற்றோடு பிசைந்து, மேல்பகுதியை வெட்டிய கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தொட்டித் தண்ணீர். வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் பேண்டு போட்டு, வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். சில வாரங்களில் அடியில் கறுப்பு, அதற்கு மேலே பச்சை, ஊதா, செம்பழுப்பு என்று பட்டை பட்டையாக நிறங்கள் தோன்றும். ஒவ்வொரு நிறமும் ஒரு வகை பாக்டீரியாவின் குடியிருப்பு. ஊதாப் பட்டையில் இருப்பவை செடிகளைப்போலவே வெளிச்சத்தில் உணவு தயாரிப்பவை. ஆனால் தண்ணீருக்குப் பதிலாக அந்த நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்தும். அதனால் அவை ஆக்சிஜன் வெளியிடுவதில்லை. மூடியை வீட்டுக்குள் திறந்துவிடாதீர்கள், அம்மா விரட்டுவார்.

இந்தப் பாட்டிலுக்கு வினோகிராட்ஸ்கி தூண் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் இன்னும் சற்று நேரத்தில் மறுபடி வருவார்.

தொட்டியில் விரிசல் இருந்தால் இப்போதே பூசிவிட வேண்டும். புதுச் சிமென்ட் தண்ணீரில் சுண்ணாம்பைக் கசியவிட்டு அதைக் காரமாக்கும். எனவே பூசிக் காய்ந்தபின் தண்ணீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி என்று பல முறை செய்ய வேண்டும். சுவரைத் தேங்காய் நாரால் லேசாகத் தேய்த்தால் போதும். விரல் வைத்தால் வழுக்குகிற மெல்லிய படலம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். பிளீச்சிங் பவுடரும் சோப்பும் கிட்டேயே வரக் கூடாது.

அடுத்து தண்ணீர். தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 48 கன அடி. ஒரு கன அடியில் 28.3 லிட்டர். பெருக்கினால் சுமார் 1,360 லிட்டர் வருகிறது. இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வையுங்கள், மருந்து ஊற்றவோ மீன் எண்ணிக்கையை முடிவு செய்யவோ இது இல்லாமல் முடியாது. மழைநீரோ கிணற்று நீரோ கிடைத்தால் நல்லது. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரின் போட்டிருப்பார்கள். அது மீனின் செவுளையும் சுவரின் பாக்டீரியாவையும் வேறுபாடு பார்க்காமல் தாக்கும். திறந்த தொட்டியில் வெயில்பட ஒன்றிரண்டு நாள் விட்டு, அவ்வப்போது வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தால் குளோரின் பறந்துவிடும்.

மொண்டு ஊற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நம்மைச் சுற்றியுள்ள ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து எவ்வளவு வாங்கி வைத்துக்கொள்ளும் தெரியுமா? சுமார் 7.5 மில்லிகிராம்தான். இதுவே 20 டிகிரியில் 9 மில்லிகிராம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ சூடு ஏறினால் தேவை கூடுகிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் ஆழமில்லாத தொட்டி என்ன பாடுபடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் தொட்டியின் மூன்றில் ஒரு பங்காவது அல்லி இலையின் நிழலில் இருக்க வேண்டும்.

அல்லியோடு, தண்ணீருக்கு அடியிலேயே வளரும் ஹைட்ரில்லாவும் கொஞ்சம் போடுங்கள். வெயில் ஏறியதும் அதன் தண்டிலிருந்து சரம் சரமாகக் குமிழிகள் வரும். நெதர்லாந்தில் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் இங்கிலாந்தில் இந்தக் குமிழிகளைத்தான் ஒரு கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். 500-க்கும் மேற்பட்ட சோதனைகள். வெயிலில் வைத்தால் குமிழி வருகிறது, இருட்டில் வைத்தால் நின்றுவிடுகிறது. இருட்டில் செடி காற்றைக் கெடுக்கவும் செய்கிறது என்று அவர் கண்டார். கெடுக்கிறது என்றால், நம்மைப்போல அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது.

இது மீன் வளர்ப்பவருக்கு முக்கியமான செய்தி. பச்சைப் பசேல் என்று பாசி பெருகிய தொட்டியில் பகலெல்லாம் ஆக்சிஜன் கொட்டிக் கிடக்கும். இரவில் பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அதைச் செலவழிக்கும். விடியற்காலையில் இருப்பு ஏறக்குறைய காலி. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மாலை நான்கு மணிக்குத் தொட்டியைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவர் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறார்.

சரி, தொட்டி நிரம்பியது, செடி நட்டாயிற்று. மீன் வாங்கப் போகலாமா? கூடாது. இப்போதுதான் அமோனியா தின்னும் ஆட்களைக் குடிவைக்க வேண்டும்.

செர்கெய் வினோகிராட்ஸ்கி ரஷ்ய விஞ்ஞானி. மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறுகிறது என்று அவர் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். செய்வது நுண்ணுயிரி என்றும் ஊகித்திருந்தார்கள். ஆனால் பிடித்துக் காட்ட முடியவில்லை. அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை வளர்க்க ஜெலட்டின், மாமிசச் சாறு என்று விருந்து வைப்பார்கள். விருந்துக்கு வேறு யார் யாரோ வந்தார்கள், தேடப்பட்டவர் மட்டும் வரவில்லை. வினோகிராட்ஸ்கி விருந்தை நிறுத்தினார். அமோனிய உப்பும் சில தாது உப்புகளும் கலந்த வெறும் தண்ணீரை வைத்தார். அதில் வளர்ந்தது அந்த பாக்டீரியா! 1890-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இது நடந்தது. சூரிய ஒளியும் வேண்டாம், பிற உயிரின் உடலும் வேண்டாம், அமோனியாவை ஆக்சிஜனோடு சேர்ப்பதில் கிடைக்கும் ஆற்றலையும் கரியமில வாயுவையும் வைத்தே உடம்பை வளர்த்துக்கொள்ளும் உயிர் ஒன்று உண்டு என்பதை உலகம் அன்றுதான் பார்த்தது.

தொட்டியில் இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதையும் நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை, அல்லியும் ஹைட்ரில்லாவும் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். சுவரிலும் கூழாங்கல்லிலும் வழுக்குகிறதே, அந்தப் படலத்தில்தான் இவர்கள் வாழ்கிறார்கள்.

ஒரே குறை, ரொம்ப நிதானமான ஆட்கள். வசதியான சூழலில் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். இவர்கள் இரண்டாக ஒரு நாள்கூட ஆகும். அதனால் தொட்டி தயாராகக் குறைந்தது மூன்று வாரம், ஆறு வாரம் வரைகூட ஆகலாம். தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடுங்கள். அதிலிருந்து வரும் அமோனியாதான் அவர்களுக்குச் சாப்பாடு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மீன்தொட்டி யாரிடமாவது இருந்தால் அதிலிருந்து நான்கு கூழாங்கல் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள், வேலை சீக்கிரம் முடியும். டப்பில் வைத்த நத்தைகளையும் தட்டான் குஞ்சுகளையும் இப்போதே திரும்ப விடலாம். காத்திருக்கும் நாளில் கொசுவுக்கு அவர்கள் காவல். ஆனால் மீன் குஞ்சையும் தட்டான் விடாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தொட்டி தயாரா என்று எப்படித் தெரியும்? வண்ணமீன் கடைகளில் அமோனியா சோதிக்கும் சொட்டுத் திரவம் கிடைக்கும். சென்னையில் கொளத்தூர்க் கடைத்தெருவுக்குப் போனால் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலானவற்றில் மஞ்சள் என்றால் அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற அதிகம். நைட்ரைட்டுக்குத் தனிப் பாட்டில். நாளுக்கு நாள் எழுதி வந்தால் முதலில் அமோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். தீவனம் போட்டும் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் கதவைத் திறக்கலாம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவையும் மதியத்தில் ஒருமுறை பாருங்கள். பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஞ்சு. அதே தண்ணீர்தான், அதே அமோனியாதான்.

மீனைத் தேர்ந்தெடுப்பதில் என் கட்சி நம் ஊர் வாய்க்கால் மீன்தான். தலை உச்சியில் வெள்ளைப் பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் ஒரு சின்ன மீனை வயலோரத்தில் பார்த்திருப்பீர்கள். கொசுப்புழுவை ஒன்று விடாமல் பொறுக்கும், நம் வெயிலும் அதற்குப் பழக்கம். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று தாத்தாவிடம் கேளுங்கள். கப்பியும் தாக்குப்பிடிக்கும். தங்கமீன் நிறையக் கழிவு விடும், பெரிதாகவும் வளரும், சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

முதலில் நான்கைந்து மட்டும். பையைப் பிரிக்காமல் நிழலில் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள், உள்ளும் வெளியும் ஒரே வெப்பத்துக்கு வரும். பிறகு பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை ஊற்றி, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் செடிக்கு. அன்று தீவனம் கிடையாது. மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். அடுத்த நான்கைந்து மீன்களை இரண்டு வாரம் கழித்து விடுங்கள், கூடிய அமோனியாவுக்கு ஏற்ப பாக்டீரியாவும் பெருக வேண்டுமே.

கப்பி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே ஒரு பெண் கப்பியை விட்டாலும் அது ஆணிடமிருந்து முன்பே பெற்ற விந்தணுக்களைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இடம் போதாமல் போனால் நண்பர்களுக்குக் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் கொட்ட வேண்டாம். கப்பி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்களே, சுவரில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்பு மீனும் அங்கிருந்து வந்ததுதான். யாரோ வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்டதென்று கொண்டுபோய் விட்டது, இன்று நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது, பிடித்தாலும் சந்தையில் வாங்க ஆளில்லை.